எண்பத்தெட்டு என்று எழுதினேன்

என் மனைவிக்கு ஒரு வார்த்தையைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "பாத்து." அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆபரேஷன் நாளிலிருந்து அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். பஸ்ஸில் ஏறினால் பாத்து, மாடிப்படி இறங்கினால் பாத்து, தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் பாத்து. சர்ச்சில் முழங்கால் போட்டால்கூட பக்கத்தில் இருக்கிற அம்மா தோளைப் பிடித்து "பாத்துமா" என்பார். எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவன் நான்தான்.

எல்லா வேலையும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் பழையபடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்படியும் யாரும் விடுவதாக இல்லை. "நான் இன்னா கண்ணாடி கிளாஸா, கீழ உழுந்தா ஒடைஞ்சி போறதுக்கு?" என்று ஒருநாள் என் தங்கையிடம் சீறினாள். தங்கை பயந்துபோய், "அண்ணி, டென்ஷன் ஆவாதீங்க, பாத்து" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நாங்கள் இருப்பது திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில். இரண்டு பேருக்கும் வேலை கும்மிடிப்பூண்டியில், வேறு வேறு கம்பெனி. நான் பாய்லர் பார்க்கிறவன். அவள் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் குவாலிட்டி. மூடியில் மயிரிழை அளவு பிசிறு இருந்தாலும் எடுத்து ரிஜெக்ட் டப்பாவில் போட்டுவிடுவாள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் திரும்ப எடுக்க மாட்டாள். நான் வாங்கிக்கொண்டு வரும் கத்திரிக்காய்க்கும் வீட்டில் அதே கதிதான்.

அவள் கம்பெனி ஆபீசில் இருக்கும் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மா, வழிகாட்டியோடு போகும் ஒரு குழுவில் சேர்ந்து பனிமலை ஏறிவிட்டு வந்து, கேன்டீனில் எல்லோருக்கும் போனில் படம் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் டீயை என் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி, "நாமளும் போலாங்க" என்றாள்.

"எங்க?"

"மலைக்கு."

"திருத்தணிக்கா?"

"இமயமலைக்கு."

நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. அவள் சிரிக்கவில்லை. "உச்சியில போய் ஒரு தபா நின்னுட்டு வந்துட்டேன்னு வெச்சுக்கோங்க, அப்புறம் எவன் என்னைப் பாத்து நோயாளின்னு சொல்லுவான்? சொல்லட்டும் பாக்கலாம்" என்றாள். அவள் ஊர் சுற்றிப்பார்க்கக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கு வருடமாக உட்காரவைத்திருந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக் கேட்டாள்.

டாக்டரிடம் போனோம். ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாராளமா போகலாம், ஆறு மாசம் நல்லா நடந்து பழகுங்க" என்றார். நடப்பது சரி, ஏறுவதற்கு எங்கே போவது? திருவள்ளூரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை தட்டையாகத்தான் இருக்கும். எனவே வாரம் ஒருநாள் விடியற்காலை மின்சார ரயிலில் திருத்தணி போய், முருகன் கோயில் படி முந்நூற்று அறுபத்தைந்தையும் மூன்று முறை ஏறி இறங்குவது என்று முடிவானது. முதல்நாள் இரண்டாவது சுற்றில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

ஒருநாள் வேர்த்து விறுவிறுத்துக் கீழே இறங்கி வரும்போது எங்கள் சபைக்காரர் ஒருவர் எதிரே வந்துவிட்டார். எங்களையும் படியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா பிரதர், இந்தப் பக்கம்?" என்றார். எனக்கு வாய் குழறியது. என் மனைவிதான், "நம்ப சர்ச்சுல படி மூணுதான இருக்குது பிரதர், பத்தல" என்றாள். மனிதர் அந்த வாரம் பாஸ்டரிடம் போய் என்ன சொன்னாரோ, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக ஒரு தனி ஜெபம் நடந்தது. மலைக்கா, மனம் மாறவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மே மாதம் கிளம்பினோம். சென்ட்ரலிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன், பிறகு வேனில் ஒரு பகல் முழுக்க வளைந்து வளைந்து ஏறி ஒரு மலைக்கிராமம். சிகரம் பதினாலாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. போய் வர ஆறு நாள். குழுவில் எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். மற்ற ஒன்பது பேரும் பெங்களூரிலும் புனேயிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், எங்கள் வயதில் பாதி.

எங்கள் வழிகாட்டி அந்தக் கிராமத்துப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறார், சீசனில் மலைக்கு ஆள் கூட்டிப்போகிறார். என் ஹிந்தி எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருக்கும் பீகார்க்காரர்களிடம் கற்றுக்கொண்டது. நான் வாயைத் திறந்ததுமே அவர் சிரித்துவிட்டார். "நீங்கள் மெட்ராஸா, பாட்னாவா?" என்றார்.

முதல்நாள் மாலை அவர் ஒரு அட்டையில் செருகிய தாளை எடுத்துக் காட்டினார். எல்லோர் பெயரும் வரிசையாக இருந்தது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த மெஷினைக் காலையும் மாலையும் ஒவ்வொருவருக்கும் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எழுத வேண்டும். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, சாப்பிட்டார்களா என்பதற்கும் தனித்தனிக் கட்டம். "எண்பதுக்குக் கீழே போனால் மேலே கிடையாது. தலைவலியும் சேர்ந்தால் கீழே இறங்க வேண்டும். மலை எங்கேயும் போகாது" என்றார். பிறகு, குழுவில் யாராவது ஒருவர் இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டால் தனக்கு உதவியாக இருக்கும் என்றார்.

நான் கையைத் தூக்கிவிட்டேன். கட்டம் போட்ட தாளைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும். இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு ஷிஃப்டிலும் மணிக்கு ஒரு தடவை அதைத்தானே நிரப்பிக்கொண்டிருக்கிறேன்? நீராவி அழுத்தம், தண்ணீர்ச் சூடு, புகைபோக்கிச் சூடு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. எங்கள் செக்‌ஷனில் எட்டு மணி நேரத்துக்கான ரீடிங்கை முதல் மணி நேரத்திலேயே எழுதி முடிக்கிற பழக்கம் உண்டு. எல்லா நாளும் இல்லை. பாய்லர் சாதுவாக ஓடுகிற நாட்களில். முந்தைய மணி நேரத்து எண்ணை அப்படியே எழுதக் கூடாது, அது முட்டாள் செய்கிற வேலை. ஒன்று கூட்டி, அடுத்ததில் இரண்டு குறைத்து எழுத வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர் நம்புவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பாய்லருக்குள் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்பதை மட்டும் நான் ஒருநாளும் கண்ணால் பார்க்காமல் எழுதியதில்லை. அதில் விளையாடினால் பாய்லர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். மற்றதெல்லாம் பரவாயில்லை என்பது என் எண்ணம்.

முதல் இரண்டு நாளும் நான் ஒழுங்காகவே எழுதினேன். கூடாரம் கூடாரமாகப் போய், விரலைத் தேய்த்துச் சூடாக்கி, மெஷினை மாட்டி, எண் நிற்கும்வரை காத்திருந்து எழுதினேன். இளைஞர்கள் என்னை டாக்டர் அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கும் நடையில் ஒரு டாக்டர்தனம் வந்துவிட்டது.

என் மனைவியை அந்த இரண்டு நாளும் பார்த்திருக்க வேண்டும். தேவதாரு மரங்களுக்கு நடுவே முன்வரிசையில் நடந்தாள். இரண்டாம் நாள் பிற்பகல் முதல்முதலாகப் பனியைக் கண்டோம். எல்லோரும் அதை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாட, இவள் ஒரு கையளவு அள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிசிறே இல்லீங்க" என்றாள். அப்படி ஒரு முகத்தை நான் கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கடைசி முகாமுக்கு வந்தோம், பன்னிரண்டாயிரம் அடி. வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆலங்கட்டி மழை கொட்ட ஆரம்பித்தது. கூடாரத்தின்மேல் ஜல்லி கொட்டுகிற சத்தம். விடிவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும்போதே சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும், எல்லோரும் சீக்கிரம் சாப்பிட்டுப் படுங்கள் என்று சொல்லிவிட்டார் வழிகாட்டி. என் மனைவி பசி இல்லை என்று இரண்டு வாய் கஞ்சியோடு எழுந்து போனாள். நான் மெஷினை எடுத்துக்கொண்டு மூன்று கூடாரம் பார்த்தேன். நான்காவதற்குப் போவதற்குள் விரல் மரத்துவிட்டது. வெளியிலிருந்தே "எல்லாம் ஓகேவா?" என்று கத்தினேன். "ஓகே அங்கிள்" என்றார்கள். என் கை தானாக எழுதியது. காலையில் தொண்ணூற்று இரண்டு, எனவே இப்போது தொண்ணூறு.

எங்கள் கூடாரத்துக்குள் வந்தேன். அவள் தூங்கும் பைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். பாவம், தூங்குகிறாள், எதற்கு எழுப்ப வேண்டும் என்று நினைத்தேன். காலையில் அவளுக்குத் தொண்ணூறு. எண்பத்தெட்டு என்று எழுதினேன். தலைவலி, இல்லை. வாந்தி, இல்லை. தாளைக் கொண்டுபோய் வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகப் படுத்தேன்.

கிளம்பும்போது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் வரிசையாக ஏறினோம். அவள் எனக்கு முன்னால். பத்து அடிக்கு ஒருமுறை நின்றாள். நான் கேட்கும்போதெல்லாம் கையை மட்டும் ஆட்டினாள். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

வழிகாட்டி ஓடி வந்து அவளை உட்காரவைத்தார். மெஷினை மாட்டினார். எழுபத்து நான்கு. கையைத் தன் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி மறுபடி மாட்டினார். எழுபத்தாறு. தாளை எடுத்து விளக்கை அடித்துப் பார்த்தார்.

"மாலையில் எண்பத்தெட்டு இருந்திருக்கிறது. தலைவலியும் இல்லை" என்றார். "ஒரே ராத்திரியில் இவ்வளவு இறங்காது. விரல் குளிரில் மெஷின் தப்பாகக் காட்டும். வாந்தி வெறும் வயிற்றோடு நடந்ததால் இருக்கலாம். மெதுவாக அரை மணி நேரம் நடந்து பார்ப்போமா?"

என் மனைவிக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் போகலாம் என்கிறார் என்பது புரிந்துவிட்டது. "போலாம், போலாம்" என்று எழுந்துவிட்டாள். அப்போதுதான் சிகரத்தில் முதல் வெயில் பட்டது. கை நீட்டினால் தொட்டுவிடலாம்போல் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான்கு வருடமாக அவள் கேட்டது கிடைத்துவிடும்.

கிடைத்துவிடுமா? அவள் உதடு நீலமாக இருந்தது. பாய்லரில் எதைப் பார்க்காமல் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். இந்தத் தாளில் தண்ணீர் மட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமலே நிரப்பிவிட்டேன்.

"மேடம், அந்த எண் நான் போட்டது" என்றேன்.

"நீங்கள்தானே போடுகிறீர்கள்?"

"இல்லை மேடம். மெஷின் வைக்காமல் போட்டது."

"தலைவலி இல்லை என்பது?"

"அதுவும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "ஊரில் உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"பாய்லர்."

"இன்னும் வெடிக்கவில்லையா?"

என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவங்ககிட்ட இன்னா சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். அவள் முகம் மாறியது.

"எனக்கு மெஷின் வெக்கவே இல்லியா நீ?" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நீ தூங்கிகினு இருந்தியேன்னு..."

"நான் எங்க தூங்குனேன்? தலை ரெண்டா பொளக்குது. சொன்னா எறக்கி உட்ருவாங்கன்னு மூஞ்ச மூடிகினு கெடந்தேன். நீ வந்து மெஷின் வெப்ப, மாட்டிக்குவேன்னு பயந்துகினே இருந்தேன். நீ வெக்கவே இல்ல. தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன்." அழ ஆரம்பித்துவிட்டாள். "நேத்தே வெச்சிருந்தா நேத்தே எறங்கி ரெஸ்ட் எடுத்துருப்பேன்ல. இப்ப மலைய கண்ணு முன்னால வெச்சிகினு எறங்க சொல்றீங்களே."

நான்கு வருடமாகத் தேவையே இல்லாமல் அவளைப் பார்த்துப் பார்த்துத் தொல்லை கொடுத்தவன், பார்த்தே ஆக வேண்டிய அன்று பார்க்காமல் விட்டேன்.

வழிகாட்டி அந்தப் பனிச்சரிவிலேயே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருவருக்கும் மெஷின் வைத்தார். ஒன்பது பேரும் கையுறையைக் கழற்றி, விரலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். நல்லவேளை, எல்லோருக்கும் எண் சரியாக இருந்தது. ஆனால் யாரும் என்னை டாக்டர் அங்கிள் என்று அப்புறம் கூப்பிடவில்லை. அவர்கள் மேலே போனார்கள். நாங்கள் உதவியாளர் ஒருவரோடு, கடைசி முகாமையும் தாண்டி அதற்கு முந்தைய முகாம்வரை இறங்கினோம். வழி முழுக்க அவள் உதவியாளரின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

கீழே வந்து நாலு மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். எழுந்தபோது தலைவலி போய்விட்டது. டீ கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பாதி டீ குடித்ததும், "உங்களை மட்டும் சொல்லி இன்னா ஆவப்போது? குவாலிட்டில இருந்துகினு நானே ஒரு ரிஜெக்ட் பீஸ பாஸ் பண்ணிட்டேன்" என்றாள். முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தோம்.

சாயங்காலம் சிகரத்திலிருந்து மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். நான் வழிகாட்டியிடம் போய் என் பாட்னா ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு இன்னொரு தடவை உண்டா என்றும் கேட்டேன். எங்கள் குழு உதவியாளர்களோடு இறங்கிவிடும், அடுத்த குழு நாளை மறுநாள் இங்கே வந்து சேரும், அதையும் இங்கிருந்து தானே மேலே கூட்டிப்போகப் போவதாக வழிகாட்டி சொன்னார். அதுவரை தலைவலி திரும்பாமல், எண்ணும் எண்பத்தைந்துக்குக் கீழே போகாமல் இருந்தால் பார்க்கலாம் என்றார். "ஆனால் நீங்கள் இனிமேல் தாளைத் தொடக் கூடாது" என்றார்.

"இனிமே மெஷின் என்கிட்ட இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

திரும்பும் வழியில் தாஜ் மஹால் பார்க்கலாம் என்று வைத்திருந்த நான்கு நாளும் மலைக்கே போனது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. "அது சமாதிதான, எங்க போவப்போது" என்றாள். அந்த இரண்டு நாளும் கொஞ்சம் ஏறுவதும் இறங்குவதுமாக நடந்து பழகினோம். நாலு வேளையும் விரலைச் சூடாக்கி, எண் ஆடாமல் நிற்கிறவரை காத்திருந்து, தானே எழுதினாள். எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. இந்தத் தடவை அந்த எண்பத்தெட்டு உண்மையான எண்பத்தெட்டு.

இரண்டாவது குழுவோடு மறுபடி கடைசி முகாமுக்கு ஏறினோம். அன்று மாலை வழிகாட்டி எங்கள் கூடாரத்துக்கே வந்து உட்கார்ந்தார். என் மனைவிக்கு எண்பத்தேழு. தலைவலி இல்லை, இரண்டு தட்டு கிச்சடி சாப்பிட்டிருந்தாள். பிறகு அவள் மெஷினைக் கழற்றி என் விரலில் மாட்டினாள். என் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். காத்திருந்தாள். மறுபடி தேய்த்தாள். நேரம் ஆக ஆக அவள் முகம் வாடுவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு நான் கூட வர வேண்டும். அந்தப் பனியில் தெரியாத ஆட்களோடு, தெரியாத பாஷையில், தனியாகப் போக அவளுக்குப் பயம். எண்பது என்று சொல்லியிருக்கலாம். சட்டென்று கழற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் மெஷினை வழிகாட்டியின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எழுபத்தெட்டு" என்றாள்.

தலைவலி உண்டா என்று கேட்டார் வழிகாட்டி. லேசாக இருந்தது. "உண்டு" என்றேன். அவர் தலையை ஆட்டினார், இப்போதே கொஞ்சம் கீழே இறங்கினால் இன்னும் நல்லது என்றார். முந்தைய முகாமுக்கு உதவியாளரோடு போகச் சொன்னார். நான் பையைக் கட்டினேன்.

"ஒண்டியா போறியா?" என்று கேட்டேன்.

"போறேன்" என்றாள். என் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "நீங்க போய் நல்லா தூங்குங்க" என்றாள். வழியில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவள் கூடார வாசலில் உட்கார்ந்து அடுத்த நாளுக்கான காலுறையை உதறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கீழ் முகாமில் என் தலைவலி போய்விட்டது. சமையல்காரர், பின்னால் இருக்கும் மேட்டில் ஏறினால் சிகரத்துக்குப் போகும் முகடு தெரியும் என்றார். போய் நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, வெள்ளைதான். பிறகு முகட்டின்மேல் கறுப்பாகப் புள்ளிகள் வந்தன. யார் யார் என்று தெரியவில்லை. பத்துப் பேர் போயிருந்தார்கள். எண்ணினேன். ஒன்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். மூன்றாவது தடவை, பாறைக்குப் பின்னாலிருந்து கடைசிப் புள்ளி மெதுவாக வெளியே வந்தது. பத்து. அது மெதுவாக, நிற்காமல், உச்சிவரை போனது. நான் அந்த மேட்டிலேயே முழங்கால் போட்டேன்.

பிற்பகல் இறங்கி வந்தாள். மூக்கு நுனி வெயிலில் வெந்து தோல் உரிந்திருந்தது. குழு முழுக்கக் கைதட்டியது. வழிகாட்டி அவளைக் கட்டிப்பிடித்து, "இவர்தான் இன்று கடைசியாக வந்தார், ஆனால் ஒருமுறைகூட உட்காரவில்லை" என்று என்னிடம் சொன்னார். அதை நான் அப்படியே தமிழில் அவளுக்குச் சொன்னேன்.

"மேல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அத சொல்லி ஆவாதுங்க" என்றாள். ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் நீங்க போங்க. நான் கடைசி கேம்ப் வரைக்கும் வரேன். அங்க உக்காந்துகினு இருக்கேன்" என்றாள்.

"நீயும் மேல வாயேன். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கலாம்."

"வேணாம். நான் வந்தா உங்க கண்ணு என் மேலயே இருக்கும், மலை மேல இருக்காது. ஒரே ஒரு நாள் என்ன உட்டுட்டுப் போய் நின்னு பாருங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் சொன்னது உண்மை என்று தெரிந்ததால் அழுகைதான் வந்தது.

போன வாரம் கம்பெனியில் மே மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். தனியாக எங்கேயும் போய்ப் பழக்கமில்லாதவன், பயமாகத்தான் இருக்கிறது. அவள் எனக்கு ஒரு கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். தனக்கு ஒரு கதைப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறாள், கேம்ப்பில் உட்கார்ந்து படிப்பதற்கு.